டாங்கில் இன்னும் எத்தனை நிமிடம்?

சிறிய விமானம் ஒன்று வயலில் இறங்கியது, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், காரணம் எரிபொருள் தீர்ந்துபோனது. இப்படி ஒரு செய்தியைப் படித்தால் யாருக்கும் வரும் முதல் கேள்வி: எரிபொருள் போடாமலா கிளம்பினார்கள்? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இப்படி மாட்டிக்கொண்டவர்களில் பலர் எரிபொருளைப் பற்றி யோசித்தவர்கள், கணக்கும் போட்டவர்கள். அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது, இன்ஜின் நின்றுவிட்டால் விமானி என்ன செய்யவேண்டும் என்பதை விமானம் ஓட்டாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். இங்கே பேசப்போவது பிஸ்டன் இன்ஜினும் ப்ரொபெல்லரும் கொண்ட, நாலைந்து பேர் உட்காரக்கூடிய தனியார் விமானங்களைப் பற்றி. செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்றவை.

இது எப்போதோ ஒருமுறை நடக்கும் அபூர்வம் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017ல் இதற்கென்றே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை அந்த ஒரு நாட்டில் மட்டும், எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன என்றது அது. அதில் என்னை உலுக்கிய தகவல் வேறொன்று. சிக்கிய விமானிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வணிக விமானி உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள். பயிற்சி மாணவர்கள் வெறும் 2 சதவீதம். மாணவர்களை ஆசிரியர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள் என்பது ஒரு காரணம். அனுபவம் வந்தபின் அந்தக் கவனிப்பு இருப்பதில்லை, நாமே நம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஒன்று, எரிபொருள் முழுவதும் தீர்ந்துபோவது. இன்னொன்று, விமானத்தில் எரிபொருள் இருந்தும் இன்ஜினுக்கு வந்துசேராமல் போவது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதை. அந்த எச்சரிக்கைக் குறிப்பின்படி முதல் வகை 56 சதவீதம், இரண்டாவது வகை 35 சதவீதம்.

இரண்டாவது வகை எப்படி வருகிறது என்றால், சிறிய விமானங்களில் பொதுவாக இடது இறக்கையில் ஒரு டாங்க், வலது இறக்கையில் ஒரு டாங்க் இருக்கும். எதிலிருந்து எடுப்பது என்பதை விமானி ஒரு திருகு பிடியால் தேர்ந்தெடுக்க வேண்டும். செஸ்னா 172ல் இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானாகவே கீழே இறங்கி வரும். பிடியை ‘இரண்டும்’ என்ற நிலையில் வைத்துவிட்டால் போதும். செரோக்கியில் இறக்கை கீழே இருக்கிறது, எரிபொருளைப் பம்ப்தான் மேலே ஏற்ற வேண்டும். அங்கே ‘இரண்டும்’ என்ற நிலையே கிடையாது, இடது அல்லது வலது மட்டும். ஏன் என்றால், ஒரு டாங்க் காலியானால் பம்ப் அதிலிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், மறு டாங்கில் நிறைய இருந்தாலும் வராது. ஆகவே விமானி கடிகாரம் பார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போகவேண்டும். மறந்தால் ஒரு டாங்க் வறண்டு இன்ஜின் இருமும். பிடியைத் திருப்பினால் பெரும்பாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளும், உயரம் இருந்தால். தரைக்கு அருகில் இருந்தால் அந்தச் சில நொடிகள் கிடைக்காது.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இந்த வகையைச் சேர்ந்ததுதான். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்ற, தனிநபர் ஒருவர் கையால் கட்டிய சிறிய விமானம். அவர் கைக்குப் புதிது. அதில் டாங்க் மாற்றும் பிடி, வடிவமைப்பாளரின் வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. அதைத் திருப்ப உடம்பை முறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் அறியாமல் வலது ரடரை (வாலில் உள்ள திருப்பு பலகையை இயக்கும் மிதியை) அழுத்தியிருக்க வேண்டும், கவனமும் சிதறியது, விமானம் கைமீறிப்போனது என்பது விசாரணையின் முடிவு. புறப்படும் முன்பே அந்தப் பிடி எட்டாததைப் பற்றி அங்கிருந்த மெக்கானிக்குடன் அவர் பேசியிருந்தார். எரிபொருள் நிரப்பவா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றிருக்கிறார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உள்ளவர்.

சரி, இப்போது முழுவதும் தீர்ந்துபோகும் கதைக்கு வருவோம்.

காரில் முள்ளைப் பார்த்தே பழகிவிட்டோம். விமானத்தில் முள்ளை அப்படி நம்பக்கூடாது. இறக்கைக்குள் இருக்கும் டாங்க் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், ஆழம் குறைவு. அதற்குள் முள்ளை நகர்த்தும் ஒரு மிதவை. விமானம் சாய்ந்தாலோ மூக்கைத் தூக்கினாலோ எரிபொருள் ஒரு பக்கம் ஓடும், முள்ளும் கூடவே ஆடும். டாங்க் அகலம் என்பதால் வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நின்றால்கூடப் பல லிட்டர் குறைந்துவிடும். சரிவான தரையில் நிறுத்தி வைத்திருந்தால் மேட்டுப்பக்கத்து டாங்கிலிருந்து பள்ளத்துப் பக்கம் கசிந்து போகவும் வாய்ப்புண்டு. மூடி சரியாக மூடப்படாவிட்டால் இன்னும் மோசம். இறக்கையின் மேல்பரப்பில் ஓடும் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், அந்த ஓட்டை வழியாக எரிபொருள் வானத்திலேயே உறிஞ்சப்பட்டுப் போய்விடும்.

அதனால்தான் புறப்படும் முன் விமானி இறக்கைமேல் எட்டி, மூடியைத் திறந்து, அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த குச்சியை உள்ளே விட்டுப் பார்க்கிறார். பார்க்க மிகப் பழைய காலத்து வேலைபோல இருக்கும். ஆனால் எரிபொருள் எவ்வளவு என்று காட்டுவதில் அந்த விமானத்திலேயே நம்பகமான கருவி அந்தக் குச்சிதான் என்பது என் எண்ணம். புதிய விமானங்களில், இன்ஜினுக்குப் போகும் எரிபொருளை அளந்து, மீதி இவ்வளவு என்று திரையில் காட்டும் கருவி இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் புறப்படும்போது விமானி எவ்வளவு என்று பதிந்தாரோ, அதிலிருந்துதான் அது கழிக்கும். டாங்குக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

அளவின் பெயரும் ஆளைக் கவிழ்க்கும். முள் அமெரிக்க கேலனில் காட்டும், நிரப்பும் வண்டி லிட்டரில் கொடுக்கும், எடைக் கணக்கு பவுண்டில் இருக்கும். அமெரிக்க கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.5 லிட்டர். இந்தக் குழப்பத்தின் உச்சம் நடந்தது சிறிய விமானத்தில் அல்ல. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, 22,300 கிலோ எரிபொருளுடன் போகவேண்டியது, 22,300 பவுண்டுடன் கிளம்பியது. பாதிக்கும் குறைவு. எரிபொருள் முள் வேலை செய்யாததால் கையால் அளந்து, லிட்டரைக் கிலோவாக மாற்றும்போது பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். 41,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை வந்தது, சற்று நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இன்ஜின்களும் நின்றன. கேப்டன் பாப் பியர்சன் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். அந்த மாபெரும் விமானத்தைச் சறுக்கிக்கொண்டே வந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். வழக்கமான வேலையில் இருந்த தேர்ந்த ஆட்களுக்கே இது நடந்தது என்பதால்தான் சொல்கிறேன். அளக்கும்போது அலகின் பெயரை வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்.

ஆனால் சரியாக அளந்து, முழு டாங்குடன் கிளம்பினவர்களும் மாட்டுகிறார்கள். எப்படி? ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 150 லிட்டர். மணிக்கு 36 லிட்டர் செலவு. விமானத்தின் வேகம் 110 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்), போகவேண்டிய தூரம் 330 கடல் மைல். காற்று இல்லை என்றால் 3 மணி நேரம், 108 லிட்டர். மீதி 42 லிட்டர், அதாவது 70 நிமிடம். பார்வையால் வழிகண்டு பறக்கும் விமானங்களுக்கு அமெரிக்க விதி கேட்பது பகலில் 30 நிமிடக் கையிருப்பு, இரவில் 45 நிமிடம். ஆக, தாராளமாக இருக்கிறது, நிம்மதியாகக் கிளம்பலாம்.

இப்போது 25 நாட் எதிர்க்காற்று. விமானம் காற்றில் அதே 110 நாட் வேகத்தில்தான் போகிறது, இன்ஜின் அதே போல்தான் குடிக்கிறது, ஆனால் தரையைப் பொறுத்தவரை வேகம் 85 நாட். 3 மணி நேரப் பயணம் 3 மணி 53 நிமிடம் ஆகிறது. செலவு 140 லிட்டர். 70 நிமிடமாக இருந்த கையிருப்பு 17 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. எதுவும் கெட்டுப்போகவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை, காற்று வீசியது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றைச் சேர்ப்போம். உயரம் போகப்போகக் காற்று மெலிகிறது. அதற்கேற்ப இன்ஜினுக்குப் போகும் எரிபொருளையும் விமானி கையால் குறைக்க வேண்டும். மிக்ஸ்சர் பிடி என்று ஒன்று, பல விமானங்களில் சிவப்புத் தலையுடன், இதற்காகவே இருக்கிறது. அதைச் சரியாகக் குறைக்காமல் விட்டதால் செலவு மணிக்கு 36க்குப் பதிலாக 40 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 லிட்டர் 3 மணி 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சேர வேண்டியது 3 மணி 53ல். எட்டு நிமிடம் குறைகிறது. அந்த எட்டு நிமிடம் தரையில் 21 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் கடைசி எட்டு நிமிடம் அல்ல, பாதி வழி. 165 கடல் மைலை 1 மணி 30 நிமிடத்தில் தாண்டியிருக்க வேண்டும். கடிகாரம் 1 மணி 56 காட்டுகிறது. 26 நிமிடத் தாமதம். விமானி தன் பழைய கணக்கான மணிக்கு 36 லிட்டரையே நம்பினாலும், மீதி 80 லிட்டர், 2 மணி 13 நிமிடம். இதே காற்று தொடர்ந்தால் போய்ச்சேர இன்னும் 1 மணி 56 நிமிடம் வேண்டும். கையிருப்பு 17 நிமிடம். விதி கேட்கும் 30 நிமிடம் அப்போதே கையைவிட்டுப் போய்விட்டது. மிக்ஸ்சர் விஷயம் அவருக்குத் தெரியாமலே இருந்தாலும் பரவாயில்லை, கடிகாரம் ஒன்றே அந்த இடத்தில் போதுமானதைச் சொல்லிவிட்டது. அப்போது டாங்கில் உண்மையில் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கீழே எத்தனையோ ஓடுபாதைகள். இறங்கி, நிரப்பி, ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாம். வயலில் இறங்கும் அந்த விபத்து நடந்தது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன், இன்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்த இந்த நேரத்தில்.

அதனால்தான் அனுபவமுள்ள விமானிகள் எரிபொருளை லிட்டராக நினைப்பதை விட்டுவிட்டு நேரமாக நினைக்கச் சொல்கிறார்கள். ‘இன்னும் 80 லிட்டர் இருக்கிறது’ என்றால் மனம் சமாதானம் ஆகிவிடும். ‘இன்னும் இரண்டு மணி நேரம், அதில் எனக்குத் தேவை இவ்வளவு’ என்றால் மனம் கணக்குப் போடும்.

அப்புறம் ஏன் இறங்குவதில்லை? இது எண்ணைத் தாண்டிய விஷயம். வீட்டில் காத்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ‘கணக்குத் தப்பிவிட்டது’ என்று சொல்லக் கூச்சம். இறங்கும் இடத்தில் எரிபொருள் விலை அதிகம், அல்லது பம்ப் மூடியிருக்கும் நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, தூரம் குறையக் குறைய ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று’ என்ற எண்ணம் பலமாகிக்கொண்டே போகும். கையிருப்பு என்பது செலவழிக்கக் கொடுத்த பணம் என்று மனம் மாற்றி எழுதிக்கொள்ளும். உண்மையில் அந்த 30 நிமிடம், போய்ச்சேர்ந்த ஓடுபாதை அடைபட்டிருந்தால், மூடுபனி வந்துவிட்டால், வேறு இடம் தேடிப்போக ஒதுக்கியது.

இக்கட்டில் இருப்பதை வெளியே சொல்லத் தயங்குவதும் இதே கூச்சத்தின் தொடர்ச்சி. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் தரையிறங்கக் காத்துக் காத்துச் சுற்றிய ஏவியான்கா நிறுவனத்தின் போயிங் 707, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் அவசரநிலை என்ற அந்தச் சொல்லைத் தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரிடம் முறைப்படி சொல்லவில்லை. இன்று உலகம் முழுவதும் இதற்கென்றே வாசகங்கள் உண்டு. இனித் தாமதமானால் கையிருப்பில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றால் ‘மினிமம் ஃப்யூல்’. கையிருப்பைவிடக் குறைவான எரிபொருளுடன்தான் இறங்கமுடியும் என்றால் ‘மேடே மேடே மேடே ஃப்யூல்’; மேடே என்பது ஆபத்தில் இருப்பதை அறிவிக்கும் சொல். சொன்னதற்காகப் பின்னால் ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டி வரலாம். எழுதிக்கொள்ளலாம்.

இன்ஜின் நின்றபின்

விமானம் கல்லைப்போல் விழாது. இதை அழுத்தமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலருக்கும் இருக்கும் பெரிய பயம் இதுதான். இறக்கைக்குத் தூக்கும் சக்தியைக் கொடுப்பது அதன்மேல் ஓடும் காற்று. இன்ஜின் இல்லாவிட்டால், உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டு விமானம் சறுக்கி இறங்கும். செஸ்னா 172 போன்ற விமானம் ஓர் அடி இறங்கினால் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர், நான்கு நிமிடம். உள்ளே திடீரென்று அமைதி. காற்றின் ஓசை மட்டும். ப்ரொபெல்லர் பெரும்பாலும் காற்றில் தானாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

அந்த ஒன்பது மடங்கு கிடைப்பது ஒரே ஒரு வேகத்தில்தான். அந்த விமானத்துக்கு அது 65 நாட் பக்கத்தில். இன்ஜின் நின்றதும் விமானி முதலில் செய்யவேண்டியது, மூக்கைத் தேவையான அளவு தாழ்த்தி அந்த வேகத்தைப் பிடிப்பது. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தரை நெருங்கி வரும்போது, எட்ட நினைத்த இடம் எட்டாது என்று தோன்றும்போது, கை தன்னையறியாமல் மூக்கை மேலே இழுக்கும். இழுத்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும் என்று உடம்பு நம்புகிறது. நடப்பது நேர் எதிர். வேகம் குறையும், இறங்கும் வேகம் கூடும், தூரம் சுருங்கும். மேலும் இழுத்தால் இறக்கைமேல் காற்றோட்டம் கலைந்து தூக்கும் சக்தியே போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்பார்கள். சமமாக வயலில் இறங்கி உரசி நின்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களை இந்தக் கடைசி இழுப்பு கொன்றிருக்கிறது.

வேகம் பிடித்தாயிற்று, அடுத்தது இடம். எட்டும் எல்லையின் ஓரத்தில் இருக்கும் அருமையான இடத்தைவிட, அருகில் இருக்கும் சுமாரான இடம் மேல். நீளமும் காற்றின் திசையும் தரையின் சரிவும் பார்க்கவேண்டும். உழுத வயல் என்றால் சாலுக்கு இணையாக. சாலை மேலிருந்து பார்க்க ஓடுபாதைபோல் ஆசைகாட்டும், ஆனால் வண்டிகள், கம்பங்கள், கம்பிகள். கம்பி கண்ணுக்குத் தெரியாது; கம்பத்தைக் கண்டால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடத்தைத் தேர்ந்தபின் அதை மாற்றுவது பெரும்பாலும் ஆபத்தில் முடியும்.

இடம் முடிவானபின், நேரம் மீதமிருந்தால், இன்ஜினை உயிர்ப்பிக்கும் முயற்சி. டாங்க் பிடியை மாற்றுவது, மிக்ஸ்சரை முழுதாகக் கொடுப்பது, மின்பம்பைப் போடுவது, கார்புரேட்டரில் உறைந்த பனியை உருக்க அதற்குச் சூடான காற்றைத் திறந்துவிடுவது. எரிபொருள் உண்மையிலேயே தீர்ந்திருந்தால் இதெல்லாம் வீண்தான். ஆனால் தீர்ந்ததா, வரவில்லையா என்று அந்த நிமிடத்தில் உறுதியாகத் தெரியாது என்பதால் செய்துதான் ஆகவேண்டும். பிறகு வானொலியில் மேடே, யாருடனும் தொடர்பில் இல்லை என்றால் 121.5 மெகாஹெர்ட்சில், ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியில்) அவசரநிலைக்கான எண் 7700. பேசுவது கடைசியில்தான். கட்டுப்பாட்டாளர் ஆட்களை அனுப்பலாம், விமானத்தை அவரால் பிடித்து நிறுத்தமுடியாது.

தரைக்கு அருகில் வந்ததும் எரிபொருளையும் மின்சாரத்தையும் அடைக்கவேண்டும், பெல்ட்டை இறுக்கவேண்டும், கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும். மோதலில் கதவின் சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். தொடும்போது வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, கட்டுப்பாடு கையில் இருக்கும்வரை. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. உடம்பு பெல்ட்டுடன் தாங்கக்கூடிய ஒரு அளவாக புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு வேகக்குறைப்பை எடுத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து நிற்க சுமார் 3 மீட்டர் போதும். 160 என்றால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். 15 நாட் காற்றை எதிர்கொண்டு இறங்குவதற்கும் அதே காற்று முதுகில் இருக்க இறங்குவதற்கும் ஆற்றலில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

அந்த 3 மீட்டரை எங்கிருந்து வாங்குவது? விமானத்திலிருந்துதான். சக்கரம் ஒடியட்டும், இறக்கை புதரில் மாட்டிக் கிழியட்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. இன்ஜின் நின்ற நொடியில் விமானம் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதைக் காப்பாற்ற ஓடுபாதைவரை இழுத்துப் பார்க்கும் ஆசைதான் மறுபடியும் அந்த மூக்கை மேலே தூக்க வைக்கிறது. காப்பாற்ற வேண்டியது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை.

நின்றதும் எல்லாரும் இறங்கி விலகி நிற்கவேண்டும். டாங்க் காலிதானே என்று அங்கேயே நிற்கக்கூடாது. தீப்பிடிக்கக்கூடிய எரிபொருள் ஆவி மிச்சம் இருக்கும். பிறகு விசாரணை ஆட்கள் வருவார்கள். அவர்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று டாங்க். ஓட்டை விழுந்ததா, தரையில் எரிபொருளின் நீலக் கறை இருக்கிறதா என்று பார்த்து, மிச்சத்தை வடித்து அளந்து குறித்துக்கொள்வார்கள். சில நாள் இரண்டு டாங்கிலும் ஒரு கோப்பை அளவு. சில நாள் இடது டாங்க் வறண்டிருக்கும், வலது டாங்கில் ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் தளும்பிக்கொண்டிருக்கும், பிடி இடது பக்கத்திலேயே நின்றிருக்கும்.